பற்றரியிலிருந்து நான் இழுத்த வயர்

காருக்கு றேடியோ பூட்டும்போது பற்றரியிலிருந்து தனி வயர் இழுத்தால், பற்றரி முனையிலிருந்து ஒரு சாண், மிஞ்சினால் ஒரு முழம், அந்தத் தூரத்துக்குள் பியூஸ் இருக்கவேண்டும். வாகன வயரிங் வேலையில் இதைவிட எளிதான விதி இல்லை. பியூஸும் அதைச் செருகும் கூடும் சேர்த்து ஒரு சோற்றுப் பார்சலின் விலைகூட வராது. இந்த விதியைத் தெரியாத காலத்தில் மீறினேன். தெரிந்த பிறகும் மீறினேன். அதனால் இன்னொருவர் கை வெந்தபோது, பழியை மூன்றாவது ஆளின் தலையில் போட்டுவிட்டுக் கூலியும் வாங்கிக்கொண்டேன். திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் என்னிடம் வாகனம் விட்டவர்களில் சிலராவது இதை வாசிப்பார்கள் என்றுதான் எழுதுகிறேன்.

பியூஸ் றேடியோவைக் காப்பாற்றுவதற்காக இருக்கிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்தேன். செற்றின் முதுகிலேயே 10 அம்பியர் பியூஸ் ஒன்று செருகியிருக்கும். செற்றுக்குள் ஏதாவது பிழைத்தால் அது எரிந்து வழியை அடைத்துவிடும். ஆனால் பற்றரிக்கும் செற்றுக்கும் நடுவில் கிடக்கும் வயரை யார் காப்பது? வாகனத்தின் இரும்பு உடம்பு முழுக்கப் பற்றரியின் மைனஸ் முனையோடு பிணைந்தது. வயரின் தோல் எங்காவது உரசித் தேய்ந்து, உள்ளே இருக்கும் செம்பு அந்த இரும்பைத் தொட்டால், பற்றரியின் முழுப் பலமும் அந்த இடத்தில் இறங்கும். ஸ்ராட்டர் மோட்டரைச் சுழற்றுவதற்கென்றே செய்த பொருள் அது. சாதாரண 12 வோல்ட் பற்றரியே சில நூறு அம்பியரைத் தள்ளும். பத்து அம்பியருக்கு அளவான மெல்லிய வயர் அதை எப்படித் தாங்கும்? முதலில் தோல் உருகும், பிறகு செம்பு சிவக்கும், பிறகு பக்கத்தில் என்ன இருக்கிறதோ அது பற்றும். செற்றின் முதுகில் இருக்கும் பியூஸுக்கு இதில் எதுவுமே தெரியவராது. கரண்ட் அதுவரைக்கும் போகவே இல்லையே.

இந்தப் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். யுத்த காலத்தில் எங்கள் பக்கம் கரண்ட் நின்றால் நாட்கணக்கில் நிற்கும். கார்ப் பற்றரி ஒன்றைத் திண்ணையில் வைத்து, இரண்டு கிளிப்பை மாட்டி, றேடியோ வயரை முறுக்கிக் கொழுவினால் இரவு 9.15க்கு பிபிசி தமிழோசை கேட்கலாம். ஒழுங்கையில் இருந்த சனமெல்லாம் வந்து குந்தியிருக்கும். சண்டை எந்தப் பக்கம், பாதை திறந்ததா, கப்பல் வருமா என்பதெல்லாம் அந்தப் பெட்டி சொல்லித்தான் தெரியும். வயரை முறுக்கிக் கொடுப்பது மீசை முளைக்காத நான். "பொடியன் கை வைச்சா றேடியோ பேசும்" என்று பெரியவர்கள் சொன்ன சொல் எனக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது. அங்கே பியூஸ் கிடையாது. வயர் இரண்டு முழம், எல்லோருடைய கண்ணுக்கு முன்னாலும் கிடக்கும்; சூடேறினால் மணக்கும், யாராவது எட்டிக் கிளிப்பைப் பிடுங்கிவிடுவார்கள். காருக்குள் அதே வயர் தகட்டுக்குப் பின்னால், கம்பளத்துக்கு அடியில், ஒருவரும் பார்க்காத இடத்தில் வருடக்கணக்காகக் கிடக்கிறது. எஞ்சின் நடுங்கும்போதெல்லாம் அதுவும் நடுங்கி எங்கேயோ உரசுகிறது. திண்ணையில் பிழைக்காதது காரிலும் பிழைக்காது என்று நம்பினேன்.

எங்கள் ஊர் வானொலிக்குப் பேர்போன ஊர். ஜெர்மனியின் டொயிச்சே வெல்லே 1984 தொடக்கம் தன் அஞ்சல் நிலையத்தைத் திருகோணமலையில் வைத்து ஆசியாவுக்கு ஒலிபரப்பியது. 2013இல்தான் அதை இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் ஒப்படைத்தார்கள். அவ்வளவு பெரிய கோபுரங்களைக் கண்டு வளர்ந்த ஊரில், கார்களுக்குள் இருந்த றேடியோக்கள் பாதி ஊமை. இங்கே ஓடும் கார்களில் பெரும்பாலானவை ஜப்பானில் ஓடி முடித்து வந்தவை. ஜப்பானில் எப்எம் 76இல் தொடங்கி 90 மெகாஹேர்ட்ஸோடு நின்றது. எங்களுக்கோ 88இலிருந்து 108 வரை. சூரியனும் சக்தியும் 1990களின் கடைசியிலிருந்து வீட்டு றேடியோக்களில் பாடிக்கொண்டிருக்க, காரில் இரைச்சல்தான் கேட்கும். அதனால்தான் எனக்குத் தொழில் நடந்தது. அன்ரெனா வயரின் நடுவில் அலைவரிசையை இறக்கிக் கொடுக்கும் சின்னப் பெட்டி ஒன்றைப் பூட்டுவோம். வசதி உள்ளவர்களுக்குச் செற்றையே மாற்றுவோம். எதைப் பூட்டினாலும் கரண்ட் வேண்டும். எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் வேலைக்காரனின் யோக்கியம் இருக்கிறது.

2005இல் ஹயர் ஓடும் ஒரு அண்ணர் கொரோலா 110 காரோடு வந்தார். சென்னைக்குப் போய்வந்த உறவுக்காரர் கொடுத்த வேர்ல்ட்ஸ்பேஸ் செற் ஒன்று அவர் மடியில் இருந்தது. செயற்கைக்கோளிலிருந்து நேராகப் பாட்டுப் பிடிக்கும் றேடியோ அது. அந்த நிறுவனம் 1998இல் ஆபிரிக்காவுக்கென்று ஒரு கோளையும், 2000இல் ஆசியாவுக்கென்று ஏசியாஸ்டார் என்ற கோளையும் ஏவியிருந்தது. கேஎல் றேடியோ என்று தமிழுக்கே ஒரு அலைவரிசை. போர்நிறுத்த காலம், பாதை திறந்திருந்தது, அண்ணருக்குக் கட்டுநாயக்காவுக்கு இரவோட்டம் நிறைய. ஹபரணைக் காட்டுக்குள் தனியாக ஓட்டும்போது நித்திரை வராமல் இருக்கத் தமிழ்ப் பாட்டு வேண்டும் என்றார்.

உண்மையில் அந்தச் செற் ஓடும் வாகனத்துக்கு ஏற்றதே இல்லை. அமெரிக்காவில் எக்ஸ்எம், சிரியஸ் நிறுவனங்கள் நகரங்களில் தரைக் கோபுரங்களையும் நட்டுக் கார்களுக்கு விட்டுப்போகாமல் பாட்டுக் கொடுத்தன. இங்கே வானத்தில் இருந்த கோள் ஒன்றுதான். கிழக்கே சற்றுத் தெற்காக, அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் அது நின்றது. அன்ரெனாவின் முகம் அந்தத் திசையை விட்டுத் திரும்பினால் பாட்டு அறுந்துவிடும். ஹபரணை மரங்களுக்குள் அது பாடவில்லை. ஆனால் உட்துறைமுக வீதியில் காரை நிறுத்தி, அன்ரெனாவைக் கூரையில் வைத்துத் திருப்பிவிட்டால் கணீரென்று பாடும். ஓட்டம் இல்லாத நேரத்தில் அண்ணர் அப்படித்தான் கேட்டார். மற்ற ஹயர்க்காரர்களும் வந்து சாய்ந்துகொண்டு கேட்பார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடற்கரையில் செயற்கைக்கோள் பாட வைத்தவன் நான் அல்லவா!

அந்தச் செற்றுக்கு நான் கரண்ட் எடுத்த விதத்தைச் சொல்கிறேன். கொரோலாவின் றேடியோவுக்குப் பின்னால் ஒரு செருகி வரும். அதில் மஞ்சள் கோடு போட்ட நீல வயர் எப்போதும் பற்றரியோடு இருக்கும், சாம்பல் வயர் திறப்பைத் திருப்பினால் உயிர் பெறும், மண்ணிறம் மைனஸ், பச்சை, லைற் போட்டால் உயிர் பெறுவது. திறப்பை எடுத்த பிறகும் பாடவேண்டும் என்று அண்ணர் கேட்டதற்கு அந்த நீல வயரே போதும். கம்பனி போட்ட பியூஸ் அதன் தலைப்பில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. டாஷ்போட்டின் முகப்பைக் கழற்றி, றேடியோவை வெளியே இழுத்து, அந்த வயரைச் சுரண்டி, ஈயம் வைத்துச் சேர்த்து, திரும்பப் பூட்டவேண்டும். பொறுமையான வேலை. பழைய கார்களில் முகப்பின் பிளாஸ்ரிக் நகங்கள் உடைந்தால் நாம்தான் பதில் சொல்லவேண்டும். அதற்குப் பஞ்சிப்பட்டு, பொனற்றைத் திறந்து, பற்றரியின் பிளஸ் முனையில் ஒரு சிவப்பு வயரை முறுக்கி, எஞ்சினுக்கும் உள்ளுக்கும் நடுவிலிருக்கும் தகட்டின் ஓட்டையால் உள்ளே தள்ளி, செற்றின் அடாப்டரில் கொழுவினேன். ஓட்டையின் விளிம்பு கூரான தகடு. றப்பர் வளையம் போடவில்லை. இரண்டு சுற்று ரேப் சுற்றினேன். பியூஸ் போடவில்லை. இன்னொரு வாகனம் வாசலில் நின்றது.

கொஞ்ச நாளில் விடியப்புறம் ஒரு விமானநிலைய ஓட்டத்துக்குக் கார் ஸ்ராட் ஆகவில்லை. ராத்திரி முழுக்க அந்த வயர் வழியாகச் செற்றும் அடாப்டரும் சொட்டுச் சொட்டாகப் பற்றரியைக் குடித்திருந்தன. அண்ணர் என்னைத்தான் கூப்பிட்டார். பார்த்ததும் விளங்கிவிட்டது. "பற்றரி பழசாப்போச்சு அண்ணே" என்றேன். அவர் புதுப் பற்றரி வாங்கினார். புதியது பலசாலி என்பதால் சில மாதம் அந்தக் குறை தெரியவில்லை. இந்தப் பொய்யை நான் அதிகம் நினைத்ததில்லை, பின்னால் வந்தது இதைவிடப் பெரியது என்பதால். ஆனால் வழி திறந்தது இங்கேதான். என் வேலையில் பிழை வந்தால் பொருளின் மேல் போடலாம், சனம் நம்பும் என்று அன்று கண்டுகொண்டேன்.

2006 ஆடியில் மாவிலாற்று அணைத் தகராறோடு சண்டை திரும்பியது. சோதனைச் சாவடியில் ஒவ்வொரு வயருக்கும் கேள்வி. அன்ரெனா முளைத்த செற்றைக் காரில் வைத்திருக்க யாருக்குத் துணிவு வரும்? அண்ணர் பதறிக்கொண்டு வந்தார். செற்றைக் கழற்றிக் கொடுத்தேன். வயரைக் கழற்றவில்லை. உள்முனையில் ரேப் சுற்றி டாஷ்போட்டுக்குப் பின்னால் செருகிவிட்டேன். பற்றரி முனையைத் தொடவே இல்லை. 2008இல் வேர்ல்ட்ஸ்பேஸ் வங்குரோத்துக்குப் போனது. 2009 மார்கழியோடு இந்தியாவில் சேவையை நிறுத்தினார்கள். செற் யாரோ ஒருவருடைய அலுமாரிக்குள் செத்துக் கிடந்தது. வயர் மட்டும் உயிரோடு இருந்தது.

இதுவரைக்கும் சொன்னதை அறியாமை என்று ஒருவர் மன்னிக்கலாம். இனிச் சொல்வதை மன்னிக்க முடியாது. யுத்தம் முடிந்து, 2010இல் வாகன வரியைக் குறைத்த பிறகு, தொழில் பெருகியது. புது வாகனங்களில் கொம்பியூட்டர் வந்துவிட்டதால் ஒரு குறுகிய பயிற்சிக்குப் போனேன். அங்கே ஆசிரியர் ஒரு நாள் பழைய பற்றரியை மேசையில் வைத்து, ஒரு முழ வயரை எடுத்து, இரண்டு முனைக்கும் குறுக்கே குறடால் பிடித்துக் காட்டினார். வயரின் தோல் நெருப்புப் பட்ட மெழுகாய்த் தொங்கியது. உள்ளே செம்பு செக்கச் சிவந்து, புகை எழும்பி, பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். பிறகு அதே அளவு வயரை எடுத்து, தலைப்பில் 10 அம்பியர் பியூஸ் வைத்து, அதேபோல் தொட்டார். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். வயரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி எங்களிடம் கொடுத்தார். குளிராக இருந்தது. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு, ஊரில் ஓடிக்கொண்டிருக்கும் என் வயர்களை ஒவ்வொன்றாக நினைத்தேன். அன்றிலிருந்து எனக்குத் தெரியும்.

ஊருக்குத் திரும்பி, புதிதாக வந்த வாகனங்களுக்கு ஒழுங்காகப் பியூஸ் போடத் தொடங்கினேன். பழையவற்றைத் திரும்பப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அந்த அண்ணர் அதே கொரோலாவுக்குப் படம் பார்க்கும் சைனாச் செற் ஒன்றைக் கடையில் வாங்கிக்கொண்டு வந்தார். முகப்பைக் கழற்றிப் பார்க்கிறேன், என் சிவப்பு வயரின் நுனி ரேப்போடு அங்கேயே கிடக்கிறது. ரெஸ்ற் பல்ப்பை வைத்தேன், எரிந்தது. செற்றின் மஞ்சள் வயருக்கு எப்போதும் உள்ள கரண்ட் வேண்டும்; இதோ கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறது. கம்பனிச் செருகியின் நீல வயரும் அதே கைக்கெட்டிய தூரத்தில்தான் இருந்தது. பழைய வயரைத் தொட்டால் பொனற்றைத் திறந்து, முழுவதையும் உருவி எடுத்து, "முந்தி நான் போட்டது பிழை அண்ணே" என்று சொல்லவேண்டிவரும். அதைச் சொல்ல மனம் வரவில்லை. மஞ்சளைச் சிவப்போடு சேர்த்து முறுக்கி ரேப் சுற்றினேன். பயிற்சியில் தொட்டுப் பார்த்த அந்தக் குளிர்ந்த வயர் அப்போது நினைவுக்கு வந்தது. வந்தும் சுற்றினேன்.

கச்சான் காற்று வீசும் ஒரு ஆடி மத்தியானம். அண்ணர் ஒரு அம்மாவையும் கைக்குழந்தையையும் ஏற்றிக்கொண்டு உவர்மலையிலிருந்து இறங்கி வந்திருக்கிறார். செற் அணைந்தது, பொனற் இடுக்கால் புகை. ஓரங்கட்டி அவர்களை இறக்கிவிட்டுப் பொனற்றைத் திறந்தால், ஒரு வயர் சிவந்து, தோல் கொதித்துச் சொட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீரைத் தேடவில்லை மனிதன். வெறுங்கையால் அந்த வயரைப் பிடித்துப் பற்றரியிலிருந்து பிடுங்கிவிட்டார். இன்னும் சில நிமிடம் போயிருந்தால் கார் மிஞ்சியிராது. வலது உள்ளங்கையில் குறுக்காக ஒரு கோடு, வயரின் அகலத்துக்கு, வெந்து வெளுத்துப்போயிருந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு, வேறொருவரின் வாகனத்தில் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு அவர் வந்தது என்னிடம். ஏனென்றால் அவருடைய காரின் வயரைத் தெரிந்தவன் நான்.

பொனற்றைத் திறந்ததும் கண்டுவிட்டேன். தகட்டின் ஓட்டையில், றப்பர் வளையம் இருந்திருக்கவேண்டிய இடத்தில், செம்பு தகட்டோடு உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. நான் சுற்றிய ரேப்பின் பசை எஞ்சின் சூட்டிலும் கடல் காற்றிலும் கூழாகி எப்போதோ வழிந்துபோயிருந்தது. அது போனபிறகு தோல் விளிம்பில் உரசித் தேய்ந்திருக்கிறது. சந்தேகத்துக்கே இடமில்லை. அண்ணர் பின்னால் வாங்கில் இருந்து, கையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, என்னிடம் வேலை பழகிய பையன் வாங்கிவந்த தேத்தண்ணியை இடக்கையால் குடித்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து, குறடால் அந்தத் துண்டைப் பெயர்த்தேன். விரல் நீளம் இருக்கும். ஒரு பக்கம் தகட்டின் துகள் ஒட்டியிருந்தது. காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். பையன் பக்கத்தில் நின்று பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை.

நிமிர்ந்து, "செற்தான் ஷோட் அண்ணே. சைனாச் சாமான்" என்றேன்.

அவர் அப்படியே செற்றைக் கழற்றச் சொல்லி, கட்டுப் போட்ட கையோடு கடைக்குப் போனார். கடைக்காரர் தொழில் தெரிந்தவர். செற்றைத் திருப்பி, முதுகிலிருந்த பியூஸைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியிருக்கிறார். கண்ணாடிபோல் தெளிவாக, உள்ளே கம்பி அறாமல் இருந்தது. "செற் ஷோட் எண்டா இதெல்லோ முதல்ல எரியவேணும்? உங்கட வயர்காரரைக் கேளுங்க" என்றாராம். சரியான பேச்சு. அண்ணர் திரும்பி வந்து அதையே என்னிடம் கேட்டார். அந்த இடத்தில்கூட நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "அது டூப்ளிக்கேற் பியூஸ் அண்ணே, எரியாது. கடைக்காரங்கள் அப்பிடித்தான் சமாளிப்பாங்கள்" என்றேன். அவர் போய்ச் சத்தம் போட்டார். சந்தையில் பத்துப் பேர் பார்க்க அந்தக் கடைக்காரர் கள்ளச் சாமான் விற்றவர் ஆனார். கடைசியில் தன் கைக்காசில் வேறு செற் கொடுத்தார். அந்தச் செற்றை நான் ஒழுங்காக, கம்பனிச் செருகியிலிருந்து, பியூஸோடு பூட்டினேன். பழைய சிவப்பு வயர் முழுவதையும் உருவி எடுத்தேன். கூலி எவ்வளவு என்று அண்ணர் கேட்டார். சொன்னேன். இடக்கையால் எண்ணிக் கொடுத்தார். வாங்கினேன்.

காசுக்காகச் செய்தேன் என்று சொன்னால் அதுவும் பொய். அந்தக் கூலியும் போய், மருந்துச் செலவும் கொடுத்திருந்தாலும் என் குடும்பம் பட்டினி கிடந்திராது. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் சொன்ன கதை உப்புவெளிக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்ற பயம் இருந்தது உண்மை. அதற்கும் அடியில் வேறொன்று இருந்தது. திண்ணையில் கேட்ட அந்தச் சொல். என் கை வைத்தால் றேடியோ பேசும் என்று நம்பிய ஊருக்கு முன்னால், என் கை வைத்த இடத்தில் நெருப்புப் பிடித்தது என்று சொல்ல என்னால் முடியவில்லை. என்னைவிட அந்தப் பெயரை நான் அதிகம் நேசித்தேன்.

அதைவிடப் பாரமான பகுதி அதன் பிறகு தொடங்கியது. பொய்யைச் சொல்லிவிட்டதால், மற்றவர்களை எச்சரிக்கும் வாயை நானே அடைத்துக்கொண்டேன். செற்தான் பிழை என்று சொன்னவன், மற்ற வாகனக்காரர்களை எப்படிக் கூப்பிட்டு "உங்கட வயரைப் பாக்கவேணும்" என்பது? என் கராஜுக்கு முன்னால் தினமும் காலையில் ஒரு பள்ளிக்கூட வான் போகும். பாலையூற்றுப் பக்கத்துப் பிள்ளைகள், கழுத்தில் தண்ணிப்போத்தல். அதில் பாட்டுப் பெட்டிக்கு வயர் இழுத்தது நான்தான், அதே மாதிரி, பியூஸ் இல்லாமல். ஒவ்வொரு நாளும் அது என்னைக் கடந்து போனது. கடைசியில் ஒரு நாள் சாரதியை மறித்து, கோன் சத்தம் சரியில்லை, காசு வேண்டாம், பார்த்துத் தருகிறேன் என்று சொல்லி உள்ளே எடுத்து, அவர் தேத்தண்ணிக் கடைக்குப் போன நேரத்தில் பியூஸ் போட்டேன். இப்படிச் சாட்டுக் கிடைத்த சிலவற்றைக் களவாகத் திருத்தினேன். சாட்டுக் கிடைக்காதவை அப்படியே ஓடின. விற்கப்பட்டு வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் போனவை உண்டு. மூதூருக்குப் போனவை உண்டு. ஐந்தாறு வருடத்தில் பழசாகி இரும்புக்குப் போய்விடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். 2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 வரை தனியார் வாகனம் பெரும்பாலும் நாட்டுக்குள் வரவில்லை. பழைய கார்கள் பொன் விலைக்குக் கைமாறின. என் வயர்களின் ஆயுளும் அதோடு நீண்டது. தோல் காய்ந்து, விறைத்து, வளைத்தால் வெடிக்கும் வயது அவற்றுக்கு இப்போதுதான் வருகிறது.

இதை எழுதுமுன் அண்ணரிடம் போய்ச் சொன்னேன். இப்போது ஹயர் ஓடுவதில்லை. வீட்டு வாசலில் வலை முடிந்துகொண்டிருந்தார். ஒன்றும் விடாமல் சொன்னேன், புதுப் பற்றரி வாங்கவைத்த கதையையும். முடியும்வரை வலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு, "அந்தத் துண்டு எங்க?" என்று கேட்டார். அன்று பின்னேரமே கடலில் எறிந்துவிட்டேன் என்றேன். "கடைக்காரருக்குச் சொன்னியா?" இல்லை என்றேன். "அவரைத்தானே நான் சந்தையில வைச்சு ஏசினது. முதல் அங்க போய்ச் சொல்லு. என்ர கை ஆறிட்டு" என்றார். அதற்குமேல் என்னோடு பேசவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார்.

கடைக்காரர் பிள்ளைகளோடு வெளிநாட்டில் இருக்கிறார். இலக்கம் தேடி எடுத்துக் கதைத்தேன். அந்தச் சம்பவத்தை மறந்திருப்பார் என்று எதிர்பார்த்தேன். முழுதாக நினைவு வைத்திருந்தார், பியூஸை வெளிச்சத்தில் பிடித்தது உட்பட. "எனக்கு அண்டைக்கே தெரியும் தம்பி. வயர்காரனும் கடைக்காரனும் சொன்னா, ஆக்கள் வயர்காரனைத்தான் நம்புவாங்க. விக்கிறவன் பொய் சொல்லுவான் எண்டுதானே எல்லாரும் நினைக்கிறது" என்றார். செற்றின் விலையைக் கொடுக்கிறேன் என்றேன். வேண்டாம் என்றார்; எழுதுவதென்றால் கடை சரியான சாமான்தான் விற்றது என்று மட்டும் எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்: அந்தச் செற்றில் ஒரு பிழையும் இருக்கவில்லை. பிழை முழுவதும் என் வயரில்.

இனி என்னிடம் 2011க்கு முன் செற்றோ, பாட்டுப் பெட்டியோ, அலைவரிசைப் பெட்டியோ பூட்டியவர்களுக்கும், அப்படியான வாகனத்தைக் கைமாறி வாங்கியவர்களுக்கும். எஞ்சினை நிறுத்திப் பொனற்றைத் திறவுங்கள். பற்றரியின் பிளஸ் முனையில் கம்பனி போட்ட தடித்த வயர்களைத் தவிர, மெல்லிய சிவப்பு வயர் ஒன்று முறுக்கியோ நட்டுக்கு அடியில் செருகியோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டே போங்கள். ஒரு முழத்துக்குள் பியூஸ் கூடு கண்ணில் படவில்லை என்றால் அது பெரும்பாலும் என் வேலை. அந்த நுனியைப் பற்றரியிலிருந்து கழற்றிவிடுங்கள். செற் பாடாது, அவ்வளவுதான், கார் ஓடும். கழற்றுமுன் பற்றரியின் மைனஸ் முனையை முதலில் எடுத்துவிடுங்கள். பூட்டும்போது அதைக் கடைசியில் பூட்டுங்கள். பியூஸ் கூடு இருந்தாலும் திறந்து பாருங்கள். பியூஸ் அடிக்கடி எரிகிறதென்று யாராவது 30 அம்பியர் செருகியிருக்கலாம், சிகரட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றியிருக்கலாம். இரண்டையும் நம்பி அந்த மெல்லிய வயரை விடமுடியாது. பிறகு தகட்டின் ஓட்டையில் விரலை விட்டுத் தடவுங்கள். றப்பர் தட்டுப்படவேண்டும். கூரான தகடு தட்டுப்பட்டால் வயரின் அந்த இடத்துத் தோலை நன்றாகப் பாருங்கள். செற்றை எப்போதோ கழற்றிவிட்டேன், எனக்கு இது பொருந்தாது என்று நினைக்கவேண்டாம். அவர்கள்தான் முதலில் பார்க்கவேண்டும். அந்தக் காலத்தில் நான் செற்றைக் கழற்றியபோது வயரைக் கழற்றியதில்லை.